தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

ஜூன் 4

தம்பிக்கு,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், முதலில் அதற்கு நன்றி. போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க வழியில்லை போலிருக்கிறது.

உன் பாப்பாவுக்கு ஒரு வயதானபோது என் வீட்டிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாய். அதோடு சரி. நான் என்ன தப்பு செய்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் அதற்காக இல்லை. எனக்கு வேறொரு பயம் வந்திருக்கிறது. கேட்பதற்கு உன்னை விட்டால் ஆளில்லை.

வீட்டு வரைபடம் போடுகிற அதே ஆபீசில்தான் இன்னும் இருக்கிறேன். ஒரு பல் டாக்டர் தம்பதிக்கு மாடி வீடு. போன வாரம் சைட்டிலிருந்து கொத்தனார் கூப்பிட்டார்.

"மேடம், மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் போட்டிருக்கீங்களே, அதுக்குக் கதவு எங்க?"

"பிளான்ல பாருங்கண்ணே."

"பாத்துட்டுத்தான் கேக்குறேன். நாலு பக்கமும் சுவரு. பிளான்ல உள்ளபடி நானும் எழுப்பிட்டேன். இப்ப ஆள் எப்படி உள்ள போறது, கூரையைப் பிச்சுக்கிட்டா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கணினியில் திறந்து பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. கதவில்லை, ஜன்னலில்லை. உள்ளே, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மெல்லிய கோட்டில், குழந்தை படுக்கிற அளவுக்கு ஒரு கட்டில்.

வெறும் அடைப்பு என்று நினைத்துத்தான் முதலாளி கையெழுத்துப் போட்டாராம். பிறகு என் பழைய வரைபடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார். எங்கெல்லாம் மாடிப்படி இருக்கிறதோ அங்கெல்லாம் முதல் வரைவில் இந்த அறை இருந்திருக்கிறது. பிறகு யாரோ அழித்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தானாம். நான் வரைந்ததும் எனக்குத் தெரியாது, அழித்ததும் தெரியாது. பக்கத்து மேசைப் பெண் சொன்னாள்: "நீங்கதான்க்கா வரைஞ்சீங்க. கூப்பிட்டேன். வேற யாரோ பாக்குற மாதிரி ஒரு பார்வை பாத்தீங்க. நான் பயந்துபோய்த் திரும்பிக்கிட்டேன்."

என்னை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறேன். நம் பழைய வீட்டில் மாடிப்படி இருந்தது ஞாபகம் இருக்கிறது. மேலே சித்தப்பா அறை இருந்தது ஞாபகம் இருக்கிறது. படிக்கு அடியில் என்ன இருந்தது என்று நினைத்தால் மட்டும் தலை வலிக்கிறது, ஒன்றும் வருவதில்லை. அங்கே ஏதாவது அறை இருந்ததா? அதை மட்டும் எழுது, போதும்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. என் மனைவிதான் "பதில் எழுதித் தொலைங்க, இல்லன்னா இதையே மென்னுக்கிட்டு இருப்பீங்க" என்றாள். எழுதித் தொலைக்கிறேன்.

அறை இருந்ததாவா? நீதானே அதன் சொந்தக்காரி!

எனக்கு அஞ்சு வயது. அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிப் போனதும் என்னைத் தரதரவென்று இழுத்துப் போய் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போடுவாய். ஒருநாள் இரண்டு நாள் இல்லை. அந்த வீட்டில் நாம் இருந்த வரைக்கும். நான் கத்துவேன். "வாயை மூடுடா" என்பாய். அது உன் குரல் மாதிரியே இருக்காது, அவ்வளவு கரடுமுரடாக இருக்கும். அம்மா வருகிற நேரத்துக்குக் கதவைத் திறப்பாய். திறந்துவிட்டு, ஒன்றுமே தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்பாய்: "எங்கடா போயிருந்த பொடியா? உன்னை எங்கெல்லாம் தேடுறது?"

அடைத்து வைத்ததைக்கூட மறந்திருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்த வயதிலேயே என்ன நடிப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஏன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன் தெரியுமா? அந்த உயரத்தில் கேபினுக்கு நாலு பக்கமும் கண்ணாடி. லிஃப்டில் ஏற மாட்டேன். குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போட மாட்டேன். விருந்தாளி வந்தால் என் மனைவி வாசலில் நின்று காவல் காக்கிறாள், மானம் போகிறது.

பாப்பா விஷயம் தெரியாது என்கிறாய். அன்று பால் பவுடர் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பிப் படியேறும்போது, குழாய் ரிப்பேர் செய்ய வந்தவன் கூலி பத்தவில்லை என்று உன் வாசலில் கத்திவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். உள்ளே குழந்தை வீரிட்டு அழுகிறாள். படுக்கையறைக்கு வெளியே தாழ்ப்பாள். நீ கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாய். உன்னைத் தள்ளிவிட்டுத் திறந்தேன். நீ எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு கேட்டாய்: "பாப்பா எங்கடா?"

என் குழந்தை அக்கா. எனக்குச் செய்ததை அவளுக்கும் செய்தாய்.

அந்த வீட்டில் என் மேல் பிரியமாக இருந்த ஒரே ஆள் சித்தப்பா. ஒருநாள் ஓர் அடி அடித்ததில்லை அந்த மனிதர். அவர் செத்ததற்குக்கூட நீ எட்டிப் பார்க்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி எழுதாதே.


ஜூலை 2

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, வீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாளெல்லாம் திருகு கழற்றி சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்திருந்தது. கையில் திருப்புளி. இடையில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. நீ சொன்னது எதையும் நான் செய்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

மனநல டாக்டர் ஒருவரிடம் போனேன். வயதான அம்மாள், மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேசையெல்லாம் அதைத் தேடுகிறவர். உன் கடிதத்தையும் காட்டினேன். படித்து முடித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்ன வயசுல தாங்கவே முடியாதது திரும்பத் திரும்ப நடந்தா, சில பிள்ளைங்க மனசு ஒரே ஆளா நின்னு தாங்காதும்மா. ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுக்கும். ஒருத்தர் பட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. இது பேயும் இல்ல, நடிப்பும் இல்ல. உங்களுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு மெதுவாப் பாப்போம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒருத்தி சம்பளத்திலேயே காலம் தள்ள முடியவில்லை, இதில் இத்தனை பேரா என்றேன். அவரும் சிரித்தார். பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

பொடியா, உள்ளே ஒரு வீடு இருக்கிறது. கற்பனை என்று சொல்லிவிடாதே. கற்பனை எனக்குத் தெரியும், தினமும் அதைத்தான் வரைந்து விற்கிறேன். இது நான் வரைந்தது இல்லை. கால் வைத்தால் தரை சில்லென்று இருக்கிறது. நீளமாக ஒரு நடைவழி. ஓர் அறையில் ஒருத்தி ஆபீஸ் புடவைகளை மடித்துக்கொண்டு தலை நிமிராமல் இருக்கிறாள். இன்னோர் அறையில் ஒரு பெண் சுவர் பக்கம் திரும்பி அழுகிறாள், சத்தமே இல்லை. அவர்களைத் தாண்டிப் போனால் நம் பழைய மாடிப்படி. அதன் அடியில் முழுச் சுவர். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். முகம் என் முகம். வயது மட்டும் பிடிபடவில்லை.

நீ யார் என்றேன். "காவல்" என்றாள். பின்னால் யார் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொடியன்."

அந்தப் பெயரில் நான் கூப்பிட்டது உன்னை மட்டும்தான். சுவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை இருமினான். எனக்கு அந்த இருமல் தெரியும். கண்ணைத் திறந்தபோது டாக்டரின் கையை நகம் பதிகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் தனியாக எழுதச் சொல்லலாம் என்கிறார் டாக்டர். எழுதினால் அனுப்புகிறேன். போன் மட்டும் செய்துவிடாதே. ஆம்பிளைக் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் நான் இல்லாமல் போய்விடுகிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அக்கா


ஜூலை 9

நீ யார்?

பொடியன் என்று சொல்லி எழுதுகிறாயாம். பொடியன் என்னிடம் இருக்கிறான். அவனுக்கு அஞ்சு வயது. உன் கையெழுத்து பெரிய ஆம்பிளைக் கையெழுத்து. மேலே இருப்பவன் நீதானோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அவள் அழுகிறாள், அவளைத் திட்டாதே. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

தாழ்ப்பாள் போட்டது நான்.

அம்மா வேலைக்குப் போவாள். அப்பா ஊரில் இல்லை. சித்தப்பா படியில் இறங்குவான். பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்குவான், இரும்புப் பக்கம் தொங்கும். முதலில் கேட்பது ஒன்றுதான். "சின்னவன் எங்க?" விளையாடப் போயிருக்கிறான் என்பேன். சின்னவன் கிடைக்காவிட்டால் நான்தான். அது தெரிந்துதான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் சொன்னேன்.

பொடியன் கத்தினால் சித்தப்பாவுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் வாயை மூடு என்றேன். அன்பாகச் சொன்னால் அவன் அடங்க மாட்டான்.

முடிந்ததும் நான் போய்விடுவேன். அவள் வருவாள். அவளுக்கு உடம்பு ஏன் வலிக்கிறது என்று தெரியாது. தம்பியைக் காணோம் என்று தேடுவாள். அந்த அறையில் பார்ப்பாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்பாள். அது நடிப்பு இல்லை.

ஒருநாள் சித்தப்பா தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டான். கதவைத் திறந்தான். பின்னாலிருந்து பாய்ந்து அவன் வலது மணிக்கட்டைக் கடித்தேன். விடவில்லை. எலும்பு தட்டுகிற வரை விடவில்லை. கதவைக் காலால் உதைத்துச் சாத்தினேன். அதற்கப்புறம் நடந்ததை எழுத மாட்டேன்.

அன்று எனக்குப் புரிந்தது. கதவு என்று ஒன்று இருந்தால் யாராவது திறப்பான். அதனால் கதவை எடுத்துவிட்டேன். சுவர் வைத்தேன். இப்போது யாராலும் முடியாது. என்னாலும் முடியாது.

அந்தக் கைக்குழந்தையைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். வாசலில் ஒருவன் கத்தினான். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

நீ சித்தப்பா என்றால், பொடியன் கிடைக்க மாட்டான். நீ வேறு யாராவது என்றால், நீ யாரென்று சொல்.


ஜூலை 20

உங்களுக்கு,

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். அக்காவும் படிக்கட்டும்.

உங்கள் கடிதத்தை கிரேன் கேபினில் வைத்துப் பிரித்தேன். படித்து முடித்தபோது கொக்கியில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. கை வரவில்லை. கீழே இருந்து மேஸ்திரி ரேடியோவில், "என்னப்பா, மேலயே குடித்தனம் பண்றியா?" என்று கத்துகிறார். ஒரு வழியாக இறக்கி வைத்துவிட்டு, மீதி நேரம் விடுப்பு சொல்லி வந்துவிட்டேன்.

நான் யார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அந்தக் கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையாத சந்து இருந்தது. அதன் வழியாக பிஸ்கட் வரும். முழுசாக வராது. பாதி வரும், கொஞ்சம் கழித்து மீதிப் பாதி வரும். சில நாள் இரண்டாவது பாதி வெகுநேரம் கழித்து வரும். சில நாள் அதில் ஈரம் இருக்கும். உப்புக் கரிக்கும். இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அடைத்து வைத்தவளே பிஸ்கட்டும் தள்ளுகிறாளே, இது என்ன விளையாட்டு என்று கோபம்தான் வந்தது. இரண்டு பாதிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. சாப்பிட்டது நான். அதனால் அந்தப் பொடியன் நான்தான்.

கதவு திறந்த நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளிச்சம். சித்தப்பா முகம். அலறல். கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. கனவு என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா செத்துவிட்டார். இதை நீங்கள் நம்ப வேண்டும். உடம்பைத் தூக்கும்போது வலது கைப்பக்கம் பிடித்தது நான். மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருந்தது. பல் பல்லாக, அரை வட்டமாக. சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், நாய் கடித்தது என்பார். செத்துக் கிடந்த மனிதரின் அந்தத் தழும்பைத் தடவிக்கொடுத்து அழுதேன். தடவிய கையை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒருநாள் ஓர் அடி அடித்ததில்லை என்று எழுதினேனே, அந்த வரியைக் கிழித்துப் போடுங்கள். அடிக்காதது அவருடைய நல்ல குணம் என்று நம்பி, ஹாலில் அவர் படத்தை மாட்டி வைத்திருந்தேன். கழற்றிவிட்டேன். என் மனைவி ஏன் என்று கேட்டாள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் போய்ப் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறக்கி விடவே இல்லை.

இனி அந்தப் படியில் யாரும் இறங்க மாட்டார்கள். நான் வளர்ந்துவிட்டேன். தலையில் பாதி நரை. ஆனால் அஞ்சு வயதுப் பொடியன் இன்னும் அந்த இருட்டில்தான் இருக்கிறான் என்கிறீர்கள். எனக்கு ஏன் லிஃப்டில் மூச்சு முட்டுகிறது என்று இப்போது தெரிகிறது. அவனை வெளியே விடுங்கள். சுவரில் ஒரு கதவு வையுங்கள்.

எனக்கு ஒரு அக்கா என்று நினைத்திருந்தேன். நீங்களும் எனக்கு அக்காதான். சின்னவன் எங்கே என்று கேட்டபோது, இங்கேதான் என்று நீ ஒருநாள் சொல்லியிருந்தால் யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. நீ சொல்லவில்லை அக்கா.

பொடியன்


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை டாக்டர் முன்னால் வைத்துத்தான் பிரித்தேன். பாதி படித்ததும் நான் இல்லை. மீதியை அவள் படித்திருக்கிறாள். பிஸ்கட் விஷயம் வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டாளாம். பிறகு டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "பெரியவனாயிட்டானா? நெஜமாவா?" டாக்டர் ஆமாம் என்றதும் அழுதாளாம். அவள் அழுது இதுவரை யாரும் பார்த்ததில்லை, வீட்டுக்குள் இருக்கிற மற்றவர்கள் உட்பட.

அவள் பட்டதெல்லாம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம். முதுகில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது சின்ன வயதில் ஊஞ்சலில் விழுந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் ஊஞ்சலே கிடையாது பொடியா. இத்தனை வருஷம் அதைக்கூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன். சில நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிட வேண்டுமா என்று கேட்டேன். "அவசரம் என்ன, முதல்ல ஒருத்தருக்கொருத்தர் பழகுங்க" என்கிறார் டாக்டர்.

பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். முதலாளி வேண்டாம் என்றார், நான்தான் போனேன். கொத்தனார் சுத்தியலோடு நின்றார். "எங்க இடிக்கட்டும் மேடம்?" என்றார். சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கதவளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் அடி விழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டேன். செங்கல் விழுந்து வெளிச்சம் உள்ளே போனது. வெறும் அறை. கொஞ்சம் மணலும் ஒரு சிமெண்ட் சாக்கும்தான் கிடந்தன. உள்ளே போய் நின்று பார்த்தேன், பிறகு வெளியே வந்தேன். அந்த வீட்டுப் பல் டாக்டரம்மா தையல் மிஷினை அங்கே போட்டுக்கொள்ளப் போகிறாராம். திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், என் வரைபடத்தை இன்னொருவர் பார்த்த பிறகே வெளியே போகும் என்ற நிபந்தனையோடு. நியாயம்தான்.

இனி உள்ளே இருக்கிற சுவர். அவள் சம்மதித்துவிட்டாள். என் வரைபலகைக்கு வந்து உட்கார்ந்து அவளே வரைய ஆரம்பித்திருக்கிறாள். கதவுக்கு இடம் விட்டிருக்கிறாள், நிலை வரைந்திருக்கிறாள். அதற்கு மேல் கை போகவில்லை. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது. என்னைப் பதில் சொல்ல விடமாட்டேன் என்கிறாள். உள்ளே இருந்தவனைத்தான் கேட்க வேண்டுமாம்.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்க வேண்டும்?

அக்கா


ஆகஸ்ட் 14

அக்காவுக்கும் அக்காவுக்கும்,

உள்பக்கம்.

அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள். ரொம்ப மேலே போய்விடக் கூடாது. எவ்வளவு உயரம் என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அஞ்சு வயதில் நான் எவ்வளவு இருந்தேன் என்று யாருக்கு ஞாபகம்? அதனால் பாப்பாவைக் கதவோரம் நிறுத்தினேன். அவளுக்கும் இப்போது அந்த வயதுதான். "கையத் தூக்கு, எட்டி எட்டித் தூக்கக் கூடாது, சும்மா தூக்கு" என்றேன். "எதுக்குப்பா?" என்றாள். "ஒரு அண்ணனுக்குத் தாழ்ப்பாள் வைக்கணும்" என்றேன். "அந்த அண்ணன் எப்ப வருவான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தரையிலிருந்து அவள் விரல் நுனி வரைக்கும் ஒரு நூல் பிடித்து வெட்டினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். சுருக்கு விழாமல் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வருகிறோம். வாசலில் நான் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டேன். அவள்தான் கூப்பிடுவாள்.

பொடியன்